ஏழாம் கட்டத்தில் என் மூக்கு

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டருக்கு இருநூற்று ஐம்பத்தாறு நிறங்கள்தான் தெரியும். இதை நான் ஒரு குறையாகச் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. தூத்துக்குடியில் அப்பா பெயின்ட் கடை வைத்திருந்தார். வீடு, தோணி, விசைப்படகு, கோயில் சப்பரம் என்று எது வந்து நின்றாலும் அதற்கொரு நிறம் சொல்லி விற்றவர். நிறத்தைப் பற்றி வீட்டில் இன்னொருவர் அபிப்பிராயம் சொல்வதை அவர் விரும்பமாட்டார்.

"நம்ம கடையிலயே அம்புட்டு கலர் கெடையாது. அதுக்கு மேல ஒனக்கு என்னத்துக்குளா?" என்றார்.

கடைக் கணக்குப் பார்க்க வாங்கிய கம்ப்யூட்டர் அது. பெயின்ட் வாடையும் தூசியும் அதற்கு ஆகாது என்று யாரோ பயமுறுத்திவிட, ஒருநாளும் கடையைப் பார்க்காமல் நேராக எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தது. அம்மா அதற்கு ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டாள். நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் உறையைக் கழற்றும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது.

நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். இருநூற்று ஐம்பத்தாறு நிறத்தில் மனிதத் தோலுக்கு என்று ஒதுக்கப்படுவது கொஞ்சம்தான். சரியான நிறம் கைவசம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பக்கத்து நிறங்களை எடுத்துப் புள்ளி புள்ளியாக வைத்துச் சமாளிக்கும். தள்ளி நின்று பார்த்தால் நமக்கு வேண்டிய நிறம் மாதிரியே இருக்கும். கிட்டப் போனால் அம்மை போட்டதுபோலத் தெரியும். இதைக் கேட்ட அப்பா என் வருத்தத்தைக் கண்டுகொள்ளவில்லை. கலக்காமலே நிறம் கலக்கிற அந்த யுக்தி அவருக்குப் பிடித்துப்போயிற்று. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று என் செல்போன் கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டுகிறது. என் முகத்தில் நான் பார்க்க விரும்பாதவற்றை எல்லாம் தனித்தனியாக எடுத்துக் காட்டுகிறது. அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு இந்த அதிகப்பிரசங்கித்தனம் கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டர் இருந்த நாட்களில்தான் ஆறுமுகநேரியில் இருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இன்ஜினியர். தகப்பனார் இல்லை. உப்பளத்தைத் தானே நின்று கவனிக்கிற அம்மா மட்டும்தான். அந்த அம்மாள் பேச்சில் ஒரு சொல்கூட வீணாகாது என்று அப்பா முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்து வந்து சொன்னார். எங்கள் வீட்டில் அது பெரிய அதிசயம்.

மாப்பிள்ளையின் போட்டோ ஒரு கவரில் வந்திருந்தது. கப்பலின் மேல்தளத்தில் ஏதோ ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பாதி முகம் நிழலில் இருந்தது. "வரனுக்கு அனுப்புத படமா இது?" என்று அம்மா கேட்டாள். எனக்கு அதனால்தான் பிடித்தது. அதற்கு முன் வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் ஸ்டூடியோவில் கன்னத்தை வழவழப்பாக்கி, புருவத்துக்கு மை தீட்டி வந்திருந்தார்கள். நன்றாக விழாத படத்தை அனுப்ப இவருக்குக் கூச்சமே இல்லை. இவர்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்தப் போட்டோவில் நான் எந்தக் குறையும் கண்டுபிடிக்காததில் இருந்தே வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

ஜாதகத்தை அப்பா ஏரலுக்கு எடுத்துப் போனார். எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கிற ஜோசியர் அங்கேதான் இருந்தார். இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டம் ரெண்டும் கச்சிதமாகச் சேருகிறது, கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம் என்றார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை என் போட்டோவைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளையோ நடுக்கடலில் இருந்தார். ஒரு துறைமுகத்துக்குத் தபால் அனுப்பினால், அது போய்ச் சேரும்போது கப்பல் வேறு கண்டத்தில் நின்றது. கப்பலுக்கு மெயில் அனுப்பலாம் என்று துறைமுகத்துப் பக்கம் இருந்த கப்பல் கம்பெனி ஏஜென்ட் ஆபீஸில் சொன்னார்கள். ஆனால் இருபது கேபிக்கு மேல் எதையும் கப்பல் வாங்காது. சாட்டிலைட்டில் போவதாம், கேப்டன் கண்டிப்பானவராம்.

இருபது கேபி என்பது எவ்வளவு என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியாது. இப்போது நாம் காலை வணக்கம் சொல்லி அனுப்புகிற ரோஜாப்பூவில் ஒரு இதழ்கூட அதற்குள் அடங்காது. ஸ்டூடியோவில் என்னை எடுத்து ஸ்கேன் செய்து கொடுத்த படமோ ஒரு ஃப்ளாப்பி முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதில் நான் மட்டும் இல்லை. எனக்குப் பின்னால் ஸ்டூடியோக்காரரின் அருவி ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. என் மேல் நெக்லஸ், ஆரம், வளையல், ஜிமிக்கி, ஒட்டியாணம் என்று அம்மாவின் பீரோ மொத்தமும் இருந்தது.

ஹாலில் நாங்கள் மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அருவியை வெட்டலாம் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. செடியும் போயிற்று. அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை.

"ஒட்டியாணத்த வெட்டாத. அது இல்லன்னா நாம என்ன போடுதோம்னு அவியளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"சேல கலரு மாறக்கூடாது. அது டெரகோட்டா. செங்கல் கலர்னு நெனச்சிரப் போறாவ," என்றார் அப்பா.

நான் முதலில் நிறங்களைக் குறைத்துப் பார்த்தேன். நிறத்தை எண்ணிச் சேமிக்கிற வகையில் முகமெல்லாம் புள்ளியாக வந்தது. அம்மை என்றாள் அம்மா, அபசகுனம் என்றாள். சரி என்று இன்னொரு வகைக்குப் போனேன். அதில் குவாலிட்டி என்று ஒரு பட்டை இருக்கும். நூறில் வைத்தால் முகம் முகமாக இருக்கும். குறைக்கக் குறைக்க, கம்ப்யூட்டர் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இதெல்லாம் தேவையா என்று யோசித்து, நுணுக்கமானதை எல்லாம் தூக்கி எறியும். ரொம்பவும் குறைத்தால் கட்டத்துக்கு ஒரு நிறம்தான் மிஞ்சும். நான் பட்டையை இறக்கினேன். ஒட்டியாணம் இடம் கேட்டது, இன்னும் இறக்கினேன். ஆரம் இடம் கேட்டது. இறக்கிக்கொண்டே போய், தலையில் இருந்து இடுப்பு வரைக்கும் நகையோடு என்னை இருபது கேபிக்குள் அடைத்துவிட்டேன். அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்கள் திரையில் அது ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. காரணம் பிறகுதான் உறைத்தது. எங்கள் திரையே எல்லாவற்றையும் புள்ளியாகக் காட்டுகிற திரை. அந்தப் புள்ளிகளுக்குள் கட்டங்களின் ஓரம் மங்கிப்போயிருந்தது. கப்பலில் இருந்ததோ நல்ல வெளிநாட்டுக் கம்ப்யூட்டர். என்னிடம் இருந்த குறை எதையும் அது மறைக்கவில்லை.

சுருக்கிய படத்தை வேறொரு ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்தேன். அதை வெயில் படாமல், பெயின்ட் நிறங்களைக் காட்டுகிற ஷேட் கார்டு அட்டைக்குள் வைத்து அப்பா ஏஜென்ட் ஆபீஸுக்குக் கொண்டுபோனார். என் ராசி, நட்சத்திரம் எழுதிய இரண்டு வரியோடு படம் போயிற்று. நான் சென்டரில் பாடம் நடத்தும்போதெல்லாம் கவனம் கடலில் இருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். கை கழுவினார், இலையில் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை.

"ஆறுமுகநேரி அம்மா கடைக்கு போன் பண்ணுனாவ," என்றார். "மாப்ள எங்கயோ எறங்கி வீட்டுக்குப் பேசிருக்காரு. கட்டம் சரியில்லங்காராம்."

எந்தக் கட்டம் என்று அப்பா அந்த அம்மாளிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த அம்மாளும் மகனிடம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சில் கட்டம் என்று ஒருவர் வாயில் வந்தால் அது ஜாதகக் கட்டம்தான். அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று யார் கண்டார்கள். நானே அப்படித்தான் நினைத்தேன். தினமும் கட்டங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிற எனக்கே அது தோன்றவில்லை.

"கப்பல்ல இஞ்சின் பாக்கவனுக்கு ஜாதகம் எப்படித் தெரியும்?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார், ஏதோ அம்மாதான் அவருக்கு ஜாதகம் கற்றுக்கொடுத்த மாதிரி. "கேட்டா, கப்பல்ல மலையாளத்துக்காரங்க ரெண்டு மூணு பேர் இருக்காவளாம். அவங்ககிட்டக் காட்டிருப்பான்னு அந்தம்மா சொல்லுது."

மலையாளத்துக்காரர்கள் என்றதும் அம்மா முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

இது சாதாரண விஷயம் இல்லை. படம் பிடிக்கவில்லை என்று ஒரு வரன் போனால், போகட்டும் என்று அடுத்ததைப் பார்க்கலாம். கட்டம் சரியில்லை என்று போனால் அந்தப் பேச்சு ஆறுமுகநேரியில் கிளம்பி, திருச்செந்தூர் போய், ஏரல் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த முகூர்த்த மாதத்துக்குள் தூத்துக்குடி முழுக்கத் தெரிந்திருக்கும். பெயின்ட் கடைக்காரர் மகளுக்கு தோஷமாம் என்பார்கள். பிறகு யாரும் வரமாட்டார்கள். யாரும் வராதது பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்பதுதான் வலித்தது. அன்று நான் அழுதேன். அழுததற்குக் காரணம் மீன்குழம்பின் காரம் என்று சொன்னேன், அன்று வீட்டில் வைத்திருந்தது ரசம்.

அப்பா மறுபடியும் ஏரலுக்குப் போனார். கட்டம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொன்னதும் ஜோசியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதே ஜாதகத்தை எடுத்துப் பார்த்தாராம். ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"ஏழாம் கட்டத்துல ஒரு நெருடல் இருக்கத்தான் செய்யுது அண்ணாச்சி."

"மொதல்ல ஏன்வே சொல்லல?"

"மொதல்ல நீங்க கேக்கலல்லா."

அப்பா ஜாதகத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பரிகாரமும் கையோடு வந்தது. முதலில் எனக்கு ஒரு வாழை மரத்தோடு கல்யாணம் செய்துவைக்க வேண்டுமாம். அது முடிந்ததும் மரத்தை வெட்டிவிட வேண்டுமாம். தோஷம் மரத்தோடு போய்விடுமாம்.

எனக்கு வந்த கோபத்தில், கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையை வெட்டுகிற குடும்பம் என்ற பேரும் சேர்ந்து வரட்டும் என்று சொன்னேன். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் வேறு கவலையில் இருந்தாள்.

"எந்த வாழைன்னு கேட்டியளா? நாட்டு வாழை வேண்டாங்க. பிள்ளைக்கு நல்ல ரஸ்தாளியாப் பாருங்க," என்றாள்.

"ரஸ்தாளி இப்ப வெலை ஏறிட்டு," என்றார் அப்பா.

இப்படி என் முதல் மாப்பிள்ளையின் ஜாதியை ஹாலில் இருந்து பேசி முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

பரிகாரத்துக்கு நாள் குறிக்க ஜோசியர் வீட்டுக்கு வந்த அன்றே, மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். என் ஜாதகத்தை ஆள் மூலம் கொடுத்தனுப்புவது மரியாதை இல்லை என்று தானே எடுத்து வந்திருந்தார்கள். கூடவே ஒரு டப்பா சில்லுக்கருப்பட்டி. நல்ல மனுஷி என்பது அந்த டப்பாவிலேயே தெரிந்தது. அது என் துக்கத்தை இன்னும் கூட்டியது. நான் அடுக்களையில் காபி கலந்துகொண்டு, சீனி போட்டோமா இல்லையா என்று தெரியாமல் ஹாலில் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மைனி, எங்களுக்கும் இது வருத்தந்தான்," என்று அந்த அம்மாள் என் அம்மாவிடம் சொன்னார்கள். பிறகு ஜோசியரைப் பார்த்துத் திரும்பினார்கள். "அவன் சொன்னத அப்படியே சொல்லுதேன், நீங்களே அர்த்தம் சொல்லுங்க. ஒரே கட்டம் கட்டமா இருக்கும்மா, மூக்கு எங்கன இருக்கு வாய் எங்கன இருக்குன்னே தெரியலன்னான். அதுக்குள்ள லைன் அறுந்துட்டு."

"ஜாதகத்துல மூக்கு எங்கன வருது?" என்று அப்பா கேட்டார்.

ஜோசியர் அசரவில்லை. "ரெண்டாம் எடம் முகஸ்தானம். மூக்கு வாய் எல்லாம் அதுக்குள்ள அடக்கம்."

"ஏழாம் கட்டம்லா சொன்னீரு?"

"ரெண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு அண்ணாச்சி."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. குவாலிட்டிப் பட்டை, ஒட்டியாணம், கப்பலின் பெரிய திரை எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே என்மேலேயே ஆத்திரமும் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்திருக்கும்போது பெண் கூப்பிடாமல் ஹாலுக்கு வரக்கூடாது. நான் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நேராக வந்து கம்ப்யூட்டரின் உறையைக் கழற்றினேன். அம்மா கண்ணாலேயே உள்ளே போ என்றாள். நான் பார்க்காத மாதிரி ஸ்விட்சைப் போட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஒரு யுகம் ஆகும். முக்கும், முனகும், கொஞ்சம் யோசிக்கும். அது முடியும்வரை நான்கு பேரும் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நானும் நின்றுகொண்டே இருந்தேன். விளக்கம் சொல்லலாம்தான், ஆனால் காட்டாமல் சொன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் படம் வந்தது. அதைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். ஒட்டியாணம் திரைக்கு வெளியே போயிற்று, ஆரம் போயிற்று, என் முகம் மட்டும் நின்றது. முகம் என்று நான்தான் சொல்ல வேண்டும். திரையில் இருந்தது டைல்ஸ் பதித்த தரை. பழுப்பில் ஒரு கட்டம், அதைவிடக் கொஞ்சம் வெளுப்பாக ஒன்று, கண் இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்று.

"அவிய சொன்ன கட்டம் இதுதான்," என்றேன். "ஜாதகம் இல்ல. நான் படத்தைச் சுருக்குனதுல வந்த கட்டம்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். மறுபடி திரையைப் பார்த்தார்கள். "இது ஒன் மூஞ்சியா பிள்ள?" என்றார்கள். "பாவம், எம்பிள்ள பயந்திருப்பான்." சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் ஜோசியர் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டது.

"அப்போ தோஷம்னு சொன்னது?"

ஜோசியர் எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார். நெற்றியில் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டமாக நிதானமாக எண்ணிக்கொண்டு இறங்கினார். ஏழாவது கட்டம் என் மூக்கு.

"நான் சொன்னேம்லா. ஏழாம் கட்டத்துலதான் நெருடல்."

அவரோடு சண்டை போட்டுப் பயன் இல்லை என்று அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதும் அப்போதுதான்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைச் சொன்னார்கள். "எல்லாம் சரி. பிடிச்சிருக்கா இல்லையான்னு அவன் சொல்லலியே. தெரியலன்னுதானே சொன்னான்."

உண்மைதான். வாழை மரம் தப்பியதே தவிர என் கல்யாணம் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. இன்னொரு படம் அனுப்புகிறேன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து பழைய ஃப்ளாப்பியைப் போட்டு, ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்த அதே படத்தை எடுத்தேன். இந்த முறை ஒட்டியாணத்தை வெட்டினேன். ஆரத்தை வெட்டினேன். நெக்லஸை வெட்டினேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஜிமிக்கிக்கு நான் போனதும் அவளால் முடியவில்லை.

"காது இல்லாம எவளாவது படம் அனுப்புவாளா? மைனி, நீங்களே சொல்லுங்க."

"இருபது கேபிக்குள்ள ஒண்ணு நகை தெரியும், இல்லன்னா நான் தெரிவேன்," என்றேன் நான். அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம், அன்று எனக்குப் பொறுமை தீர்ந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா யோசித்தார்கள். "நகைய நான் நேர்ல பாத்துக்கிடுதேன் மைனி. அவன் பிள்ளையப் பாக்கட்டும்."

நெற்றி, கண், மூக்கு, வாய், நாடி. அவ்வளவுதான் வைத்தேன். பட்டையைக் கிட்டத்தட்ட மேலேயே விட்டுவிட்டேன். அப்படியும் இருபதுக்குள் அடங்கியது. பெரிதாக்கிப் பார்த்தாலும் கட்டம் தெரியவில்லை. என் முகம் இவ்வளவு இடம் கேட்காமல் அடங்கும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இந்தக் கூத்து எதுவும் நடந்திருக்காது.

படம் போன பிறகு எனக்கு வந்த பயம் முன்பு வந்த துக்கத்தைவிட மோசமாக இருந்தது. முதல் படத்தை வேண்டாம் என்றால் பழியைக் கட்டத்தின் மேல் போடலாம். ஜோசியர் மேல் போடலாம், ஒட்டியாணத்தின் மேல் போடலாம். இந்தப் படத்தை வேண்டாம் என்றால், வேண்டாதது நான்தான். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் என் மூக்கு கொஞ்சம் பெரிதோ என்று தோன்றியது. அதுவரை எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. தெளிவாக அனுப்பியிருக்க வேண்டாமோ, பாதி தெளிவாக அனுப்பியிருந்தால் போதுமோ என்றெல்லாம் யோசித்தேன். சென்டரில் பிள்ளைகளிடம் குவாலிட்டிப் பட்டை பற்றிச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

போன் கடைக்கு வந்தது. கணக்கு எழுத நான் அன்று கடையில் இருந்தேன். அப்பா ரிசீவரை எடுத்து, யார் என்று கேட்டு, உடனே எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளையே பேசினார். வெளிநாட்டுத் துறைமுகத்தில் இருந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் காசு எண்ணுகிற லைனில்.

"நல்லா இருக்கியளா மாப்ள? கப்பல் எங்கன நிக்கு? சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார் அப்பா. பிறகு, என்னால் இன்றுவரை மன்னிக்க முடியாத ஒரு கேள்வியைக் கேட்டார். "கப்பலுக்கு அடியில என்ன பெயின்ட் அடிக்காவ? துருவுக்குத் தாங்குதா?"

அந்தப் பக்கமும் பதில் நீளமாக வந்தது. அப்பா ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டார். எத்தனை பூச்சு என்று கேட்டார். காயவிடுவார்களா என்று கேட்டார். நான் ரிசீவரைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, "ஒங்கிட்டதான் பேசணுமாம்" என்று அவரே என் கையில் கொடுத்துவிட்டு, ஷெல்ஃபில் இருந்த டப்பாக்களை அடுக்கப் போனார். அவை ஏற்கனவே அடுக்கித்தான் இருந்தன.

"ரெண்டு படமும் கெடச்சுது," என்றார் அவர். கரகரத்த லைன். குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது.

"ம்," என்றேன்.

"ரெண்டாவது நல்லா தெளிவா இருக்கு."

"ம்."

"ஆனா எனக்கு மொதப் படம்தான் பிடிச்சிருக்கு. அன்னைக்கே சரின்னு சொல்லத்தான் அம்மாவுக்குப் போன் போட்டேன். சொல்லுததுக்குள்ள லைன் போயிட்டு. அப்புறம் எங்களுக்கு எறங்குததுக்கு எடமே வரல."

என் வாய் முந்திக்கொண்டது. "அதுல மூக்கு வாய் ஒண்ணுமே தெரியலன்னு சொன்னியளாமே."

"மூக்கு தெரியலதான். ஆனா சிரிக்கிய. அது நல்லாத் தெரிஞ்சுது. இந்தப் படத்துல அந்தச் சிரிப்பக் காணோம்."

இரண்டும் ஒரே படம். ஒரே ஸ்டூடியோ, ஒரே நாள், ஒரே ஸ்கேன். வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதால் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலுதட்டுக்கு மேல் அம்மா அப்பியிருந்த பவுடரையும் உதட்டையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் சராசரி போட்டு, ஒரு வெள்ளைக் கட்டம் செய்து வைத்திருக்கிறது. இதை நான் நன்றாக விளக்குவேன். என் வகுப்பிலேயே தெளிவாக நடத்துகிற பாடம் இதுதான். அது பல் இல்லை, பவுடர் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏளா, மாப்ள என்ன சொல்லுதாரு?" என்று அப்பா டப்பாக்களுக்கு நடுவில் இருந்து கேட்டார். "என்னத்துக்கு இப்படிச் சிரிக்க?"

அவர் கேட்ட பிறகுதான் நான் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.